எரியாத நிலத்துக்கு ஒரு காப்புறுதி

செலீனின் இடது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு உண்டு. உருகி இறுகிய மெழுகுபோல இருக்கும். கொட்டாஞ்சேனையில் அவளிடம் சோற்றுப் பார்சல் வாங்குகிறவர்கள் அதை அடுப்பில் சுட்ட காயம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்துவதில்லை. அந்தக் கையை நீட்டிக் காட்டி அவள் சண்டை பிடிப்பது உலகத்தில் ஒரே ஒருவனுடன்தான். அவன் அவளுடைய தம்பி பேர்னாட்.

வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் மாதம் வந்தால் அந்தச் சண்டையும் வந்துவிடும். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் தகப்பன் விட்டுப்போன வீடு அது. இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. செலீன் அதில் வாழ்ந்தாள். முன்னறையில் மேசை போட்டுப் பார்சல் கட்டி, புறக்கோட்டைக் கடைகளுக்கும் மருதானைப் பட்டறைகளுக்கும் அனுப்பினாள். பேர்னாட் மனைவி சுதர்சினியுடன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருந்தான். கல்யாண வீடுகளுக்கு வேன் ஓட்டினான். வீட்டு வரியும் தண்ணீரும் மின்சாரமும் அவள் பொறுப்பு. காப்புறுதி அவன் பொறுப்பு.

அந்த வருடம் கட்டுப்பணம் இன்னும் ஏறியிருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது பேர்னாட் குசினி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, தீக்கு வை. களவுக்கு வை. மழைத் தண்ணிக்கும் வை. நான் ஒண்டும் சொல்லேல்ல. இந்தக் கலவரத்துக்கு எண்டு தனியாக் கட்டுறமே, அது என்னத்துக்கு? ஒவ்வொரு வருசமும் சும்மா குடுக்கிற சல்லி. இப்ப ஆர் வந்து கொளுத்தப் போறான்?"

"அண்டைக்கு வந்தவனும் சொல்லிப்போட்டு வரேல்ல."

"தொடங்கீட்டா."

"எடுக்கிறதெண்டா வேற எதையும் எடு. அத எடுக்க விடமாட்டன்." அவள் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதப் பார்த்துக்கொண்டு சொல்லு."

"விளக்கு விழுந்து எரிஞ்ச கையக் காட்டிக் காட்டி என்ட காசத் திண்டது போதும்."

அவன் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்குமுன் அகப்பை பறந்தது. கொதித்த பருப்பு அவனுடைய வெள்ளைச் சட்டையிலும் கழுத்திலும் அப்பிக்கொண்டது. அலறியபடி பாய்ந்தவன் அக்காவின் கன்னத்தில் அறைந்தான். அவள் சுவரில் மோதி, பார்சல் தாள் கட்டுகளின் மேல் விழுந்தாள். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. தன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவளை அடித்துவிட்டோம் என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. கழுத்து எரிந்தது, அவ்வளவுதான்.

"இனி உன்னட்டக் கேக்கமாட்டன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

விளக்கைப் பற்றி அவன் சொன்னது அவன் கண்டுபிடித்த பொய் அல்ல. அது அவர்களுடைய தகப்பன் சொன்ன பொய்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம். செலீனுக்கு எட்டு வயது, பேர்னாட் கைக்குழந்தை. தமிழர் வீடுகளைத் தேடிச் சந்துக்குள் ஆட்கள் பொல்லுகளோடு வந்தபோது தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். தாய் முன் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையத் தூக்கிக்கொண்டு பின்னால ஓடு" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. செலீன் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின் மதிலைத் தாண்டினாள். அந்தப் பக்கத்தில் வரிசையாக மூன்று வீடுகள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். உள்ளே ஆட்கள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. மதிலோரம் பதுங்கியிருந்தபோது எரிந்துகொண்டிருந்த கூரை மரம் சரிந்து வந்தது. குழந்தையின் தலைக்கு மேலே அவள் கையை வைத்தாள்.

தகப்பன் அப்போதும் வீட்டுக்குக் காப்புறுதி வைத்திருந்தார். ஆனால் சாதாரணத் தீக்கு மட்டும். கலவரத்தில் எரிந்தால் ஒன்றும் கிடையாது. யாரோ ஒருவர் அவருக்குப் புத்தி சொன்னார்: மேசை விளக்கு விழுந்து பற்றியது என்று சொல்லு, உன் பிள்ளைகளுக்கு ஒரு கூரையாவது மிஞ்சும். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மனிதன் அப்படியே சொன்னார். பணம் கிடைத்தது, வீடு எழும்பியது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பயத்தில் சாகும்வரை அதையே சொன்னார். பேர்னாட் விளக்கின் கதையைக் கேட்டே வளர்ந்தான். தாயைக் கொன்றது ஒரு மேசை விளக்கு என்று நம்பினான். அக்கா வேறு கதை சொன்னபோது, கல்யாணம் ஆகாமலே போன ஒருத்தியின் மனக்கோளாறு என்று எடுத்துக்கொண்டான்.

அன்று அக்காவை அடித்துவிட்டு வெள்ளவத்தைக்குப் போனவன், வேனுக்குள் இருந்தபடியே காப்புறுதி முகவர் நஸ்லாவுக்குப் போன் எடுத்தான். பழைய முகவர் ஓய்வு பெற்றபின் அந்தப் பொறுப்பு அண்மையில்தான் அவள் கைக்கு வந்திருந்தது.

"கலவரத்த எடுத்துப் போடுங்க, மிஸ்."

"நிச்சயமாவா, அண்ணா? அக்காக்கிட்டயும் கேட்டீங்களா?"

"அவவும் ஓம் எண்டவ."

"நான் ஒருக்கா வந்து வீட்டப் பார்க்கட்டா? வேற வழியிலயும் கொறைக்க ஏலும்."

"எனக்கு நேரமில்ல, மிஸ். சொன்னதச் செய்யுங்க."

சில கிழமைகள் போனபின் பேர்னாட்டுக்கு மனம் குத்தத் தொடங்கியது. செலீனின் பிறந்தநாள் வந்தது. ஒரு கேக் பெட்டியை வாங்கிக்கொண்டு பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனான். செலீன் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்க்காமலே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கலவரக் காப்பை எடுத்துவிட்டதை இன்று சொல்லிவிடலாம் என்று அவன் கோப்பையைக் கையில் எடுத்தான்.

அப்போதுதான் பிரதான வீதியில் ஒரு பெரும் சத்தம் கேட்டது.

சைக்கிளில் வந்த மட்டக்குளி இளைஞன் ஒருவனை ஒரு லொறி அடித்துவிட்டது. இளைஞன் செத்துவிட்டான் என்று யாரோ ஒருவன் கத்தினான். உண்மையில் அவனுக்குக் கால்தான் முறிந்திருந்தது. ஆனால் அந்த ஒரு சத்தம் போதுமாக இருந்தது. சந்தியில் நின்ற கூட்டம் லொறியின் கண்ணாடியை நொறுக்கியது. சாரதியை இழுத்து இறக்கியது. அவன் பிடியை உதறிவிட்டு, சட்டை கிழிய, செலீனின் சந்துக்குள் ஓடி வந்தான்.

சந்து முனையில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்த சப்ரி கடைப் பலகையை இழுத்து மூடினான். எதிர் வீட்டு யன்னல்கள் சாத்தப்பட்டன. ஓடி வந்தவன் செலீனின் கதவில் விழுந்து அடித்தான்.

"அம்மா, கதவத் தொறங்கம்மா. கொன்னுப்புடுவாங்க. எனக்குப் புள்ளைங்க இருக்கும்மா."

செலீன் எழுந்தாள். பேர்னாட் அவளுடைய கையைப் பிடித்தான்.

"விசரா அக்கா? துறக்காத. அவனோட சேர்த்து எங்களையும் முடிச்சுப்போடுவாங்கள்."

"அண்டைக்கு எங்களுக்கும் ஒருத்தரும் துறக்கேல்ல," என்று சொல்லிவிட்டு அவள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

உள்ளே வந்தவனின் பெயர் தங்கையா. மலையகத்துக்காரன், ஹட்டன் பக்கம். அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தி இரும்புத் தடியைக் குறுக்கே போட்டதும் முதல் கல் கூரையில் விழுந்தது. பிறகு கற்கள் எண்ண முடியாமல் விழுந்தன. கூரைத் தகடுகள் உடைந்து முன்னறை மேசையில் சிதறின. கேக் பெட்டி நசுங்கியது.

"ஊவ எளியட தாபன்," என்று வெளியே ஒருவன் சிங்களத்தில் கத்தினான். "அவன வெளிய விடுங்கடா, இல்லாட்டி வீட்டோட கொளுத்துவம்," என்று இன்னொருவன் தமிழில் கத்தினான். எல்லா மொழியும் அங்கே இருந்தது. அந்தத் தெருவில் வாழும் எல்லா வகை ஆளும் அங்கே இருந்தான். செலீனிடம் சாப்பாடு வாங்கிய குரல்கள் இரண்டொன்றையும் அவள் அடையாளம் கண்டாள்.

"கேக்குதா, தம்பி," என்றாள் அவள். அவளுடைய குரல் அதிசயமாக அமைதியாக இருந்தது. "அண்டைக்கும் இதே சத்தம்தான். கதவப் பிடிச்சுக்கொண்டு நிண்டது அம்மா. விளக்கு இல்ல."

பேர்னாட் அவளைப் பார்த்தான். அவனுடைய நாற்பதாவது வயதில் தாய் இரண்டாம் தடவை செத்தாள்.

யன்னல் சட்டம் பிளந்தது. பெற்றோல் போத்தல் ஒன்று உள்ளே விழுந்து உடைந்தது. பார்சல் தாள் கட்டுகள் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டன. தீ திரைச்சீலையில் ஏறிக் கூரை மரத்தைப் பிடித்தது. புகைக்குள் தங்கையா எழுந்து நின்றான்.

"எனக்காக நீங்க எரிய வேணாம்மா."

யாரும் தடுக்குமுன் அவன் இரும்புத் தடியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். கூட்டம் அவனை விழுங்கியது. ஹெல்மெட்டாலும் பொல்லாலும் அடிக்கும் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் துவைப்பதுபோன்ற சத்தம் அது. பேர்னாட் கீழே கிடந்த தடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். முன்னால் நின்றவனின் தோளில் ஒன்று, அடுத்தவனின் முழங்காலில் ஒன்று. பிறகு ஒரு செங்கல் அவனுடைய நெற்றியைப் பிளந்தது. கண்ணுக்குள் இரத்தம் வழிய அவன் திரும்பினான். வாசலில் செலீனின் சட்டைக் கைகளில் தீ பற்றி எரிந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் அதை அடித்து அணைத்தான். அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு எரியும் வீட்டைக் கடந்து பின் மதிலைத் தாண்டினான்.

இந்த முறை அந்தப் பக்கத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. அதைச் செலீன் பிறகு பல தடவை சொல்லிச் சொல்லி அழுதாள்.

பொலிஸ் வந்தபோது வீட்டில் நாலு சுவர்தான் நின்றது. தங்கையா உயிரோடு இருந்தான். ஒரு கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில், காயத்துக்குக் கட்டுப்போடும் அறைக்கு வெளியே, அக்காவும் தம்பியும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு இரண்டு கையிலும் கட்டு. அவனுக்கு நெற்றியில் தையல், உள்ளங்கைகளில் மருந்துப் பூச்சு. செய்தி கேட்டு நஸ்லா அங்கேயே வந்துவிட்டாள்.

"உசிரு தப்பினது பெரிய விசயம், அக்கா," என்றாள்.

"வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே, பிள்ளை. கலவரத்துக்கும் கட்டினனாங்கள்," என்றாள் செலீன். அன்று முழுவதும் அவளைத் தாங்கி வைத்திருந்தது அந்த நினைப்பு ஒன்றுதான்.

நஸ்லா பேர்னாட்டைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணா, கலவரக் காப்ப எடுக்க அக்காவும் சம்மதம் எண்டுதானே செல்லினீங்க."

செலீன் மெதுவாகக் கேட்டாள்.

"அத எடுத்ததில எவ்வளவு மிச்சம் வந்தது?"

"அதக் கேக்காதீங்க, அக்கா."

"சொல்லு, பிள்ளை."

"ஒரு கேக் பெட்டிட வெலைக்குக் கிட்ட வரும்."

செலீன் எழுந்தாள். கட்டுப்போட்ட கையை ஓங்கித் தம்பியின் முகத்தில் அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். அவனுடைய தையல் விட்டு இரத்தம் மூக்கோரமாக இறங்கியது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. இன்னும் அடிக்கட்டும் என்பதுபோல நிமிர்த்திக் கொடுத்தான். தாதி ஓடி வந்து அவளைப் பிடித்தாள்.

எல்லாம் அடங்கியபின் நஸ்லாதான் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"இதச் செல்லாம ஈக்கவும் ஏலாது. வீட்ட இவ்வளவு பெரிய தொகைக்கு வெச்சீக்கிறீங்களே, அந்தப் பெறுமதி எங்கேந்து வந்த?"

"உங்களுக்கு முதல் இருந்த மிஸ்டர், வீடு எவ்வளவு பெறும் எண்டு கேட்டவர். பேர்ச் இவ்வளவு போகுது, ஆறு பேர்ச் எண்டு கணக்குப் பார்த்துச் சொன்னனான்," என்றான் பேர்னாட். கொழும்பில் வீட்டின் விலையைக் கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சுவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? நிலத்தை அளக்கும் பேர்ச்சைப் பற்றித்தான் பேச்சு. நிலம் ஏறஏற, ஒவ்வொரு வருடமும் அவன் பெருமையோடு தொகையை உயர்த்திக்கொண்டு வந்தான்.

"அது நிலத்துட வெல, அண்ணா. நிலம் எரியுமா? வீடு எரிஞ்சா கம்பனி குடுக்கிறது திரும்பக் கட்டுற செலவ மட்டும்தான். சுவர், கூரை, கதவு, வயரிங், கூலி. அதுக்கு மட்டும் வெச்சா போதும். கொறச்சும் வெக்கக் கூடாது. பாதிக்கு வெச்சா நட்டத்திலயும் பாதிதான் வரும். நிலத்தக் கழிச்சிருந்தா நீங்க கட்டுறது அரைவாசிக்குக் கீழ வந்திருக்கும். கலவரம், வெள்ளம், களவு எல்லாம் வெச்சும் மிச்சம் ஈந்திருக்கும்."

"அப்ப நான் எரியாத சாமானுக்கு இவ்வளவு காலமும் கட்டினன்," என்றான் பேர்னாட்.

"ஓம். எரியிறதுக்குக் கட்டினதத்தான் வெட்டிட்டீங்க."

மதிப்பீட்டாளர் வருவதற்கு முதல்நாள் சுதர்சினி மைத்துனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மச்சாள், காஸ் பத்தினதெண்டு சொல்லுவம். நீங்க சமைச்சு விக்கிறது அவையளுக்கும் தெரியும். தீக்கு இப்பவும் காப்பு இருக்கு. ஒரு வார்த்தைதானே. வீடு திரும்பி வந்திடும்."

சந்தில் வேறு சிலரும் அதையே சொன்னார்கள். அவர்களுடைய காரணம் வேறு. தங்கையாவை அடித்ததற்காகப் பிடிபட்டவர்கள், தாங்கள் ஒன்றும் கொளுத்தவில்லை, அந்த வீட்டில் காஸ் வெடித்தது, ஆளைக் காப்பாற்றத்தான் போனோம் என்று பொலிஸில் சொல்லியிருந்தார்கள். தங்கையாவின் மனைவி சீனியம்மா புருஷனின் கட்டிலருகே தரையில் இருந்தபடி செலீனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கைகளைக் கூப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதிப்பீட்டாளர் இஸ்ஸதீன் வந்தார். வயதான மனிதர். கரி அப்பிய சுவர்களுக்கு நடுவே நின்று கேட்டார்.

"எப்பிடிப் பத்தினது?"

"காஸ்…" என்று பேர்னாட் தொடங்கினான். அக்காவுக்கு வீட்டைத் திருப்பிக் கொடுக்க அவனிடம் இருந்த ஒரே வழி அது.

செலீன் அவனைத் தாண்டி நடந்து பின் முற்றத்துக்குப் போனாள். மற்றவர்களும் போனார்கள். மதிலோரக் கூண்டுக்குள் சிலிண்டர்கள் மூன்றும் சூடு படாமல் நின்றன, பூச்சுக்கூட உரியவில்லை.

"காஸ் வெடிக்கேல்ல, சேர். ஆக்கள் கொளுத்தினவங்கள். ஆரார் எண்டும் நான் பொலிஸில சொல்லுறன்."

இஸ்ஸதீன் பேனையை மூடினார். "மிஸ், இத நான் எழுதினா உங்களுக்கு ஒண்டும் வராது. உங்கட காப்பில அது இல்ல. நீங்க கொஞ்சம் யோசிச்சுக் கதைக்கலாம்."

"யோசிச்சிட்டன். இந்த வீடு ஒருக்காப் பொய் சொல்லித்தான் எழும்பினது. எங்கட அம்மாவக் கொலை செய்தவங்கள் அந்தப் பொய்யால தப்பினவங்கள். அந்தப் பொய்ய நம்பித்தான் இவன் கலவரம் வராதெண்டு காப்ப எடுத்தவன். திரும்பவும் விளக்க விழுத்த என்னால ஏலாது."

பேர்னாட் எரிந்த நிலைக்கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அக்காவின் முன்னால் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. செலீன் அவனைத் தேற்றவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

காப்புறுதியிலிருந்து ஒரு சதமும் வரவில்லை. அவளுடைய வாக்குமூலத்தில் ஆட்கள் மறியற்சிறைக்குப் போனார்கள். போகும்போது ஒருவன், வெளியே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பேர்னாட் வேனை விற்றான். இப்போது வேறு ஒருவருடைய வேனைக் கூலிக்கு ஓட்டுகிறான். வேன் விற்ற பணத்தில் அதே நிலத்தில், இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடொன்று எழும்பியது. சீனியம்மா விடிந்ததும் வந்து மரக்கறி வெட்டுகிறாள். தங்கையா முன்னறையில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பார்சல் கட்டுகிறான்.

வீடு முடிந்ததும் நஸ்லா நேரில் வந்து பார்த்தாள். நிலத்தைக் கழித்தாள். சிலிண்டர் வெளியே இருப்பதையும், வயரிங் புதிது என்பதையும், முன்னறையில் வியாபாரம் நடப்பதையும் மறைக்காமல் குறித்துக்கொண்டாள். "சின்னச் சின்ன நட்டத்த நீங்களே தாங்குறதெண்டா இன்னும் கொறையும்," என்றாள். செலீன் ஓம் என்றாள். மற்றக் கம்பனிகளிலும் கேட்டுப் பார்க்கும்படி நஸ்லாவே சொன்னாள். கேட்டார்கள், திரும்ப அவளிடமே வந்தார்கள். முன்பு கட்டியதில் ஒரு சிறு பங்குதான் இப்போது கட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் சுதர்சினி வாய் திறந்தாள். "உள்ள வேனும் போயிட்டுது. இந்தக் கலவரத்த விட்டா இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்ன?"

செலீன் இந்த முறை சட்டைக் கையைச் சுருட்டவில்லை. தழும்பு உள்ளேயே இருந்தது.

பேர்னாட் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, மனைவிக்கு நேரே குனிந்தான். புருவத்திலிருந்து உச்சி வரை, செங்கல் பிளந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது.

"இதப் பார்த்துக்கொண்டு சொல்லு," என்றான்.